அறைக்கு ஒரு பெயர்

ஜூலை 6, சனி

கதவோரக் கட்டில் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடைசியாகத் தமிழில் எழுதியது பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம். அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும்.

இன்று காலை அலுவலகப் பலகையில் என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. காரணம், ‘வியாழன் மாலை அறையில் தாய்மொழியில் பேசினார்.’ நான் என்ன பேசினேன்? உங்கள் பெட்டி நடுவழியில் கிடந்தது. சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். “அய்யோ அம்மா!” என்றேன். அது ஒரு பேச்சா? அதை மாண்டரின் சீனத்தில் எப்படிக் கத்துவது என்று இன்னும் பாடம் வரவில்லை. நாம் ‘இது ஆப்பிள், அது நாற்காலி’யில்தான் இருக்கிறோம்.

மூன்று புள்ளி விழுந்தால் அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பிசியோதெரபி படித்தவள். இந்த ஐந்து வாரக் கோடை வகுப்புச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் இங்குள்ள மருத்துவமனையில் இரண்டு வருடப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். இதை முதல் நாளே கையையும் காலையும் ஆட்டி உங்களிடம் சொன்னேன். நீங்களும் தலையை ஆட்டினீர்கள்.

மாண்டரின் தவிர வேறு மொழி பேச மாட்டோம் என்றுதான் கையெழுத்து வாங்கினார்கள். எழுதக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. பதிலை என் செருப்புக்குள் வைக்கவும்.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில்

பி.கு: அறையில் கூட இருப்பவரும் தமிழ் என்று தெரிந்ததும் அம்மாவிடம் போனில் குதித்தேன். அந்தக் குதிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.


ஜூலை 7

ஜன்னலோரத்துக்கு,

பெட்டி வழியில் கிடந்தது என் தவறு. நகர்த்திவிட்டேன். மற்றதற்கு நான் வருந்தவில்லை.

விதி உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஒவ்வொருவரும் ஜோடியைப் பற்றி ஒரு சீட்டு எழுதி அலுவலக வாசல் பெட்டியில் போட வேண்டும். அறைக்கு ஒரு பெயராவது வர வேண்டும். ஒரு பெயரும் வராத அறை பொய் சொல்லும் அறை என்று இரண்டு பேருக்கும் புள்ளி. அந்த வாரம் நான் வாய் திறக்கவில்லை, நீ திறந்தாய். எழுத வேறு பெயர் எனக்கு ஏது?

எனக்கு நாற்பத்தாறு வயது. தையல் இயந்திர உதிரிபாகம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் கொள்முதல் பிரிவைப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டு, “நீங்களே போய்க் கத்துக்கிட்டு வாங்களேன்” என்று முதலாளி அனுப்பிவைத்திருக்கிறார். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் என் நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். நானும் விளையாட வரவில்லை.

எழுத ஆரம்பித்ததால் சொல்கிறேன். குளியலறைச் சல்லடையில் உன் தலைமுடி. நாள் கணக்கில் ஊறி, சோப்பு நுரை கோத்துக்கொண்டு, செத்த எலிக்குஞ்சு போலக் கிடக்கிறது. தண்ணீர் இறங்காமல் கணுக்கால் வரை நிற்கிறது. உன் அழுக்கில் நின்றுகொண்டுதான் என் அழுக்கைக் கழுவுகிறேன். அறைக்குள் வந்தாலும் அந்த நினைப்பில் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

உன் செருப்பைத் தொடுவதாக இல்லை. இது உன் தலையணைக்கு அடியில் இருக்கும்.

கதவோரம்


ஜூலை 13

ஆன்ட்டி,

எடுத்தாயிற்று உங்கள் எலிக்குஞ்சை. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடும்போது எனக்கே குமட்டியது. ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் முறை. தினமும் காலையில் நீங்கள் நாக்கு வழிக்கிறீர்களே, அது நாக்கா, கிணறா? அடிவயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு, அப்புறம் ஒரு காறல், மறுபடி ஒரு ஓங்கரிப்பு. பக்கத்து அறைப் பெண் என்னிடம் ‘உன் தோழிக்கு உடம்பு சரியில்லையா?’ என்று புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். ‘இல்லை, அவர் சுத்தமானவர்’ என்றேன். அதற்கு மட்டும்தான் எனக்குச் சொற்கள் தெரிந்தன.

நேற்று மாலை நாம் மாண்டரினில் பேசிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். ‘உன் வீட்டில் எத்தனை பேர்?’ என்றீர்கள். ‘நான்கு பேர், ஒரு நாயும் உண்டு’ என்றேன். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. நாய் என்ற சொல்லை அன்றுதான் படித்தோம். நீங்கள் ‘மிகவும் நல்லது’ என்றீர்கள். அதற்குச் சற்று முன்புதான் நான் உங்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆமாம், இன்று பலகையில் இருப்பது நான் போட்டதுதான். நீங்கள் தூக்கத்தில் பேசுகிறீர்கள். நல்ல, தெளிவான தமிழில்.

ஜன்னல்


ஜூலை 14

தூக்கத்தில் வருவது பேச்சு ஆகாது. நினைவோடு செய்வதற்குத்தான் உறுதிமொழி. இதை உன்னிடம் வாதாடி என்ன பயன்? வகுப்புப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். ‘மனம் இன்னும் பழைய வீட்டில் தூங்குகிறது’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு நீ பல்லழகர் என்று பெயர் வைத்திருப்பதை உன் நோட்டு அட்டையில் பார்த்தேன். பொருத்தம்தான். அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈறு முழுவதும் தெரிந்தது.

இங்கே எதைத் தொட்டாலும் கையைக் கழுவத் தோன்றுகிறது. உச்சரிப்பு வகுப்பில் ஆசிரியை உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிக்கிறாரே, சில ஒலிக்கு மூச்சுக்காற்றில் அது ஆட வேண்டும், சில ஒலிக்கு ஆடக் கூடாது என்று. நம் இருவருக்கும்தான் அது ஆட வேண்டிய இடத்தில் ஆடாது, ஆடக் கூடாத இடத்தில் படபடக்கும். வரிசையில் ஒன்பதாவது ஆளாக என்னிடம் வரும்போது அந்தக் காகிதம் நனைந்து துவண்டு போயிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும். எட்டுப் பேரின் எச்சிலுக்கு எதிரே நின்று ‘தந்தை’ என்று சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தூக்கத்தில் நான் என்ன பேசுகிறேன்?


ஜூலை 15

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. யாரையும் திட்டுவதில்லை, ரகசியம் எதுவும் வெளியே வருவதில்லை. “சரிங்க சார்” என்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “சரிங்க சார்”. ஒரு முறை, “இல்லைங்க சார், என் தப்புதான், நான் பாத்துக்கிறேன் சார்.” அவ்வளவுதான். எல்லா நாளும் அதேதான்.

முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்கிறேன்.

ஜன்னல்


ஜூலை 20

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். சூப்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, கண்ணையும் மூடிக்கொண்ட பிறகு, நான் செய்வது இதுதானா? அவர் எதிரே இல்லாதபோதும் தலையாட்டுகிறேனா? கணவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நான் தூக்கத்தில் உளறுகிறேனா என்று. “சேச்சே, செத்த பிணம் மாதிரி தூங்குவ” என்பார். ஒன்று அவருக்குக் காது கேட்கவில்லை, அல்லது அவருக்கு இது பழகிவிட்டது.

உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நேற்று உன் பெயரைச் சீட்டில் எழுதினேன். புதன்கிழமை துணி துவைக்கும் அறையில் யாருடனோ போனில் தமிழில் பேசினாய். ஞாயிறு தவிர மற்ற நாளில் போன் கூடாது. நான் கதவுக்கு வெளியே வாளியுடன் நின்றிருந்தேன். விதிப்படி சரியான சீட்டுத்தான். ஆனால் விதிக்காக எழுதவில்லை. நீ என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

கதவோரம்


ஜூலை 27

கணக்கு நேராகிவிட்டது. உங்களுக்கு இரண்டு, எனக்கு இரண்டு.

நேற்று நான் எழுதியது: குளியலறைக் குழாயைப் பார்த்து நீங்கள் “சனியனே” என்றீர்கள். குழாய்க்குத் தமிழ் தெரியாது என்று வாதாடிப் பாருங்கள்.

அந்தப் புதன்கிழமை எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் என்னிடம் பேச வேண்டும் என்றார். “பயப்படாதம்மா, தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிடும்” என்றேன். வாளியுடன் வெளியே நின்ற உங்களுக்கு அதுவும் கேட்டிருக்கும். கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். மாண்டரினில்கூட. ‘உன் தாய் நலமா?’ மூன்றாவது பாடம்.

அடுத்த வெள்ளி கடைசி வெள்ளி. நம் அறையிலிருந்து ஒரு பெயர் போக வேண்டும். போகாவிட்டால் இருவருக்கும் மூன்றாகும். யோசித்து வையுங்கள்.


ஜூலை 30

அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அப்போது நான் கிழமையைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று பொறுப்பாளரிடம் போனேன். அகராதியைப் பார்த்து முந்தின நாள் முழுக்கத் தயார் செய்த வாக்கியங்கள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தவை. அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ‘நீங்கள் செய்வது அசிங்கம். பெண்களை வைத்தே பெண்களின் வாயை வேவு பார்க்கிறீர்கள். நாங்கள் இங்கே மொழி படிக்க வந்தோம். நீங்கள் காட்டிக்கொடுக்கப் பழக்குகிறீர்கள். இந்த வெள்ளி எங்கள் அறையிலிருந்து பெயர் கேட்காதீர்கள்.’ இவ்வளவையும் தடுமாறாமல் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் இவ்வளவு நீளமாக நான் எந்த மொழியிலும் பேசியதில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். முகம் மலர்ந்துபோனது. ‘அசிங்கம்’ என்ற சொல்லில் குரல் இறங்க வேண்டிய இடத்தில் ஏற்றிவிட்டேனாம். அதை மட்டும் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். நானும் சொன்னேன்! பிறகு எழுந்து நின்று கை தட்டினார். வந்த வகுப்புகளிலேயே நம் அறைதான் மிக நேர்மையான ஜோடி என்றார். உறுதிமொழி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நானே சாட்சியாம். வெள்ளிக்கிழமைச் சீட்டு வழக்கம் போல.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

முகம் சுளிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். உன் முடி, ஈரத் துண்டு, காகிதத்தில் எச்சில். எல்லாவற்றுக்கும் மூக்கைப் பொத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பெட்டியின் முன்னால் வரிசையில் ஒழுங்காக நின்றேன். அது நாறவே இல்லை எனக்கு.


ஜூலை 31

அக்கா,

(ஆன்ட்டி என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால்.)

நீங்கள் பல்லழகரிடம் பேசியது மாடி முழுக்கப் பரவிவிட்டது. ‘அசிங்கம்’ என்ற சொல் இப்போது எல்லோருக்கும் தெரியும், சரியான உச்சரிப்போடு.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், “எம்பொண்ணுக்கு அங்க ஆஸ்பத்திரியில இடம் கெடைச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இன்னும் கிடைக்கவில்லை அம்மா என்றால், “கெடைக்காம என்ன” என்கிறார். தையல்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் இந்தப் பேச்சு.

சீட்டுக் குலுக்கிப் போடலாமா? இரண்டு காகிதம், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. யார் மேலும் பழி இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் எல்லாம் குச்சி குச்சியாக நிற்கின்றன.


ஆகஸ்ட் 2, வெள்ளி, மதியம்

குலுக்கிப் போட வேண்டாம். இந்தக் கேவலத்துக்குச் சாமியை வேறு கூட்டு சேர்க்க வேண்டாம்.

என் பெயரை எழுதிப் போடு. நான் உன் பெயரை எழுதவில்லை, வெற்றுச் சீட்டுத்தான் போடப்போகிறேன். காரணத்துக்கு ஒன்றும் கற்பனை செய்யத் தேவையில்லை. இன்று காலை நீ கிளம்பிய பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் எனக்கு நானே தமிழில் சத்தமாகப் பேசினேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் சாட்சி.

இதைத் தியாகம் என்று நினைத்து அழுது வைக்காதே. எனக்கு உன் மேல் பெரிய பாசம் வந்துவிடவில்லை. உன் ஈரத் துணி இன்னும் என் கட்டில் கம்பியில்தான் தொங்குகிறது. ஆனால் இரண்டு பேரில் உன்னிடம்தான் அந்தச் சான்றிதழை வைத்துச் செய்வதற்கு ஏதோ இருக்கிறது. நான் திரும்பிப் போகிற இடம் எப்படியும் எனக்குப் பிடித்த இடம் இல்லை. நானாக எடுத்த முடிவு இது. அது ஒன்றே எனக்கு இங்கே கிடைத்த நல்ல பொருள்.

பெட்டியை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். தலையணையைத் தூக்கிப் பார்ப்பாய் என்று நம்புகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 3, சனி

அக்கா,

நீங்கள் போய்விட்டீர்கள். இதை உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன்.

காலையில் பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள் அறைக்கு வந்து பெட்டி கட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது புள்ளி விழுந்துவிட்டதால் நீங்கள் எந்த மொழியிலும் பேசலாம். எனக்கு இரண்டு புள்ளி, நாளை சான்றிதழ், கதவு திறந்திருக்கிறது, தாழ்வாரத்தில் பல்லழகர். நீங்கள் ஐந்து வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினீர்கள். உங்கள் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தூக்கத்தில் கேட்ட குரல் வேறு.

“ஈரத் துணியை மடிச்சு வைக்காத, நாறும்” என்றீர்கள். “அம்மாவைப் படி ஏற வேண்டாம்னு சொல்லு. கனமா எதுவும் தூக்கக் கூடாது.” நான் மாண்டரினில் ‘நன்றி’ என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? நீங்கள் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டீர்கள்: “சீட்டை எப்பப் போட்ட? காலையிலயா, மத்தியானமா?”

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும்.

‘காலை’ என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். லிஃப்ட் வந்தது.

ஆமாம் அக்கா, வகுப்புக்குப் போகும் வழியிலேயே போட்டுவிட்டேன். மதியம் வரை வைத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று பயம். நீங்கள் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். திரும்பி வந்து தலையணைக்கு அடியில் உங்கள் கடிதம். படித்துவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இரவு முழுக்க உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போட்டவள் போலவே நடித்தேன். என்னை எனக்கே தொடப் பிடிக்கவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று. சாயங்காலம் பல்லழகர் கூப்பிட்டார். அடுத்த வாரம் புது வகுப்பு வருகிறது. வெள்ளிக்கிழமைச் சீட்டு எப்படி எழுதுவது என்று புதியவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டுமாம், நேர்மையான ஜோடியில் மிஞ்சியவள் என்பதால். அப்படிச் செய்தால் மருத்துவமனைக்கு அவரே பரிந்துரை எழுதுவாராம். நாளை பதில் சொல்ல வேண்டும்.


ஆகஸ்ட் 27

உனக்கு,

கடிதம் கிடைத்தது. எடுத்து எடுத்து வைத்ததில் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். முடியாது என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். பழக்கமில்லாததால் குரல் கீச்சென்று வந்தது. “என்னம்மா, போயிட்டு வந்ததுல இருந்து ஒரு மாதிரி பேசறீங்க” என்றார். இப்போது ஊசிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த ஒரு வாடை, வீட்டுக்கு வந்து குளித்தாலும் போவதில்லை. உனக்காக இதைச் சொல்லவில்லை. கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி. மதியம் வரை பொறுத்திருந்தால் அது நான் கொடுத்ததாக இருந்திருக்கும். காலையிலேயே போட்டதால் நீ எடுத்துக்கொண்டதாகிவிட்டது. எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பொருள் என்று எழுதியிருந்தேனே, அதை நான் எழுதும்போதே அது என்னிடம் இல்லை. விமானத்தில் வழி முழுக்க அந்த எரிச்சல். பக்கத்தில் இருந்தவர் சாப்பிட்ட சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஆனாலும் பயத்தில் எழுதியது எனக்குப் புரிகிறது. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ‘காலை’ என்று உண்மையைச் சொன்னதும் எனக்குப் புரிகிறது. அந்த இடத்தில் நானாக இருந்தால் மத்தியானம் என்றிருப்பேன்.

எனக்குப் புரியாத ஒன்று உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. நாளை பதில் சொல்ல வேண்டும் என்று முடித்துவிட்டாய். என்ன சொல்வாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த நாளை போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்நேரம் அங்கே புதிதாக யாரோ இரண்டு பேர் அதே கட்டில்களில் படுத்திருப்பார்கள். ஒன்று, நீ அவர்கள் முன்னால் நின்று, சிரித்த முகத்தோடு, அந்தப் பெட்டியைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பரிந்துரை இல்லாமல் நீயே மருத்துவமனைப் படியேறியிருக்க வேண்டும்.

என் பெயரை எழுதியதை நான் எப்படியாவது விழுங்கிவிடுவேன். அந்தப் பெட்டியை நீ காட்டியிருந்தால் அதை விழுங்க முடியாது.

என்ன சொன்னாய் என்று மட்டும் எழுது. நீளமாக வேண்டாம்.